சப்பரம் கிளம்பும் முன்

அம்மா அந்த நாட்டின் பேரைச் சொல்லவே மாட்டாள். "அந்த ஊர்" என்பாள், அவ்வளவுதான். எதிர்வீட்டு பர்மாக்காரம்மா ஒருநாள் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றில் இத்தாலியின் தேசப்படத்தைக் காட்டியபோதுகூட, "பாக்கறதுக்கே செருப்பாட்டம் இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற ஒரே மகனைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிற ஊர் அது. அவள் கோபம் அவளுக்கு.

அங்கே நான் போவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ரங்கூனில் தாமுவே பேட்டையில் பிறந்து, தாமுவேயில் வளர்ந்து, கட்டிக்கொண்டவன் சரியில்லாமல் தாமுவேக்கே திரும்பி வந்து அம்மாவோடு உட்கார்ந்தவள் நான். பிழைப்புக்கு, ரங்கூனில் இருந்த ஒரு இத்தாலியக் குடும்பத்தில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஏதோ உதவி நிறுவனத்தில் பெரிய உத்தியோகம். அவர் மனைவியை நான் சயாமா என்பேன். பர்மாவில் டீச்சரையும் மரியாதைப்பட்ட எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவோம். குழந்தைக்கு நாலு வயது. பசித்தால் பர்மியத்தில் கேட்கும். கோபம் வந்தால் மட்டும் தமிழில் "போ சனியனே" என்னும். அந்தத் தமிழ் யாரிடமிருந்து போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் ஒருநாள், கோடை விடுமுறைக்கு என் சொந்த ஊருக்குப் போகிறோம், நீயும் கூட வா என்றார் சயாமா. மலைமேல் இருக்கிற பழைய ஊராம். ஜூன் கடைசியில் அங்கே பெரிய திருவிழாவாம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நடக்கிறதாம். அவருடைய அண்ணன் அதில் சாமி தூக்குகிறவராம். குழந்தை அதைப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் உன் கையைத் தவிர வேறு கையால் அது சாப்பிடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். என் காதில் விழுந்தது ஒன்றுதான். என் அண்ணன் இருக்கிற தேசம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அவன் இருக்கற எடத்துக்குப் பக்கமா?"

"பஸ்ஸுல நாலஞ்சு மணி நேரமாம்."

களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அதன் முடிச்சைக் கட்டை விரலால் அழுத்திக்கொள்வது அவள் வழக்கம். பேசும்போதும், பஸ்ஸில் போகும்போதும், ரேடியோ கேட்கும்போதும் விரல் அங்கேதான் போகும். வேண்டுதல் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கயிற்றின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊரே கொந்தளித்தபோது அண்ணன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் கூட்டத்தோடு போனவன் திரும்பவில்லை. தெருவில் சுடுகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். அம்மா தலைவிரி கோலமாக அம்மன் கோயிலுக்கு ஓடி, என் பிள்ளை முழுசாக வந்தால் உன் தீயை மிதிக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வந்துவிட்டான். லான்மடா பேட்டையில் ஒரு சீனர் கடை மாடியில் பதுங்கியிருந்தானாம். உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. அம்மா அவனை ஓங்கி ஒரு அறை விட்டு, பிறகு அவனையே கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருஷத் தீமிதிக்கு அண்ணனுக்குக் காப்புக் கட்டினார்கள். தீ மிதிக்கிறவர்களுக்குத் திருவிழா தொடங்கும்போதே, மஞ்சளில் நனைத்த கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். அதற்குப் பிறகு சட்டம் கடுமை. மீன், கறி, மீனை இடித்துச் செய்கிற நாப்பி, எதுவும் தொடக் கூடாது. சாவு வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. தீ மிதித்து முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம்.

காப்புக் கட்டியிருந்த அந்த வாரத்தில்தான் கப்பல் ஏஜெண்டின் ஆள் வந்து வாசலில் நின்றான். ஒரு இடம் காலி, நாளைக் காலையில் ஏறினால் ஏறு, இல்லாவிட்டால் அடுத்தவனுக்கு என்றான். காலேஜ்களைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"போடா" என்றாள். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்ப இதை அவுத்துடவா?"

"தீ மிதிக்காம அவுத்தா அது இன்னும் பாவம். வந்து மிதிச்சுட்டு அவுத்துக்கலாம். போ."

காப்போடு கப்பலேறினான். அன்று சாயங்காலம் அம்மா ஒரு கயிற்றை மஞ்சளில் நனைத்துத் தன் கையில் தானே கட்டிக்கொண்டாள். பெண்களுக்கு இடது கையில்தான் கட்டுவார்கள். மகனுடைய விரதம் என்பதால் வலது கையில் கட்டினாள். "அவன் பாதியில விட்டத நான் புடிச்சுக்கறேன். அவன் வந்து தீ மிதிச்சுட்டு, அவன் கையாலயே இதை அவுக்கட்டும்" என்றாள். ஒரு வருஷம் போல நினைத்திருப்பாள்.

கப்பல் கம்பெனி நொடித்துப்போய், இத்தாலியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டிப் போட்டுவிட்டுக் கைகழுவிவிட்டது. மற்றவர்கள் எப்படியோ ஊர் திரும்பினார்கள். அண்ணன் இறங்கி அங்கேயே தங்கிவிட்டான். சரியான காகிதம் எதுவும் கையில் இல்லை. அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, ரங்கூனில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கடற்கரை ஊர் ஒன்றில் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினான். எப்போதாவது எதிர்வீட்டு டெலிபோனில் கூப்பிடுவான். "அடுத்த வருஷம் வந்துடறேன்மா" என்பான். அம்மா "சரிடா கண்ணு" என்பாள். ஒவ்வொரு தீமிதிக்கும், கை வெறுமையாகாமல் புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகே பழையதைக் கழற்றி ஆற்றில் விடுவாள். ஒரு கையாலும் பல்லாலும் கட்டுவாள். நான் கட்டுகிறேன் என்றால் விட மாட்டாள்.

வருஷம் பூராவும் காப்பு என்றால் வருஷம் பூராவும் விரதம். மீன் வாசனை இல்லாமல் ரங்கூனில் ஒரு சமையலறை உண்டா? எங்கள் வீட்டில் இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெகுவில் சித்தி செத்துப்போனபோது அம்மா போகவில்லை. கூடப் பிறந்த தங்கை. நான் மட்டும் போய், எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு வந்தேன். தாமுவேயில் எங்கள் ஆட்கள் வீட்டில் எந்தச் சாவு விழுந்தாலும் அம்மா தெருமுனையோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். "இவ செத்தா யாரு வருவாங்கன்னு பாக்கறேன்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் கத்தினேன். "அவன் வரப்போறதில்ல. நீ எதுக்கு இப்படிக் கெடந்து சாவற? அவுத்துப் போடு!" அம்மா முடிச்சை அழுத்திக்கொண்டாள்.

சரி, இத்தாலிப் பயணத்துக்கு வருகிறேன். சயாமா கொடுத்த திருவிழாப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். வெள்ளை உடுப்புப் போட்ட ஆண்கள், தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கோபுரத்தைத் தோளில் சுமந்து வருகிற படம்.

"தேரு" என்றேன்.

"சக்கரம் எங்க?"

"சக்கரம் கெடையாது. தோள்லதான் தூக்குவாங்களாம்."

"அப்ப சப்பரம்னு சொல்லு." வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தேங்காய் உடைத்த மாதிரி சொன்னாள். "எந்த சாமியா இருந்தா என்ன? அண்ணனை அந்த ஊருக்கு வரச் சொல்லு. சப்பரம் கெளம்பறதுக்கு முன்னாடி அவன் கையில காப்புக் கட்டு. கூடவே நடக்கட்டும். சப்பரம் நெலைக்கு வந்ததும் அவனே அவுக்கட்டும். அந்தக் கயித்த எங்கிட்ட கொண்டு வா. அதைப் பாத்துட்டு நான் என்னோடத அவுத்துடறேன். அம்மன் ஒத்துக்குவா. இத்தன வருஷமாச்சே, ஒத்துக்காம என்ன?"

பதினாலு வருஷத்தில் அவள் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.  கிளம்புகிற அன்று, மஞ்சள் நனைத்துக் காயவைத்த கயிற்றை வாழை இலைத் துண்டில் சுற்றி என் கையில் வைத்தாள். "கெட்டியா முடிச்சுப் போட்டுத் தொலைக்காத. அவனுக்கு அவுக்க வராது" என்றாள்.

அது உண்மை. அண்ணனுக்கும் முடிச்சுக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதில் அரைக்கால் சட்டை நாடாவைக் கண்டபடி முடிந்துகொண்டு, அவசரத்துக்கு அவிழ்க்கத் தெரியாமல் குதிப்பான். கடைசியில் சட்டையை நனைத்துவிடுவான். அதனால் அம்மா அவனுக்கு எப்போதும் உருவாஞ்சுருக்குதான் போட்டுவிடுவாள். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கப்பலேறுகிற வயதில்கூட ஷூ லேஸை அறுத்துவிட்டு வந்து நின்றவன் அவன்.

அந்த ஊர் மலை உச்சியில் இருந்தது. சுற்றிலும் கோட்டைச் சுவர், உள்ளே நுழைய ஒரு பழைய கல்வாசல், வாசலுக்கு வெளியே பஸ் நிற்கிற இடம். வீடும் கல், தெருவும் கல். ரங்கூனில் அந்த மாதம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். துவைத்த லோன்ஜி நாலு நாளானாலும் காயாமல் நாறும். இங்கே வெயில் ஈரமே இல்லாமல் சுள்ளென்று அடித்தது. துணி காய வைத்த கையோடு மடித்துவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கும் வெளிச்சம் போகாது. குழந்தை தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். "இன்னும் சாயங்காலமே ஆகலையே" என்று என்னிடம் பர்மியத்தில் நியாயம் பேசும்.

அண்ணனோடு சயாமா வீட்டுப் போனில் பேசினேன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"திருவிழா அன்னிக்கு மொத பஸ்ஸுல வந்துடறேன். நிச்சயமா வந்துடறேன்."

"சப்பரம் சாயங்காலம் கெளம்புதாம். அதுக்கு முன்னாடி கட்டியாவணும். லேட்டா வந்து நின்ன, கொன்னுடுவேன்."

"அடிப்பாவி, இன்னும் அதே வாயா?" என்று சிரித்தான். 

திருவிழாவுக்கு முந்தின நாளிலிருந்தே ஊர் மாறிவிட்டது. ஜன்னல்களில் சிவப்புத் துணி தொங்கவிட்டார்கள். தெருவில் சுண்ணாம்பால் கோடு போட்டு, கூடை கூடையாகப் பூவிதழைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். கிழவிகள், பள்ளிக்கூடப் பெண்கள், கடைக்காரர்கள் எல்லோரும் மண்டி போட்டு உட்கார்ந்து மஞ்சளும் சிவப்புமாகப் பரப்பினார்கள். கோலம்தான், வேறென்ன. நானும் குழந்தையும் உட்கார்ந்து ஒரு ஓரத்தை நிரப்பிக் கொடுத்தோம். சப்பரம் கோயில் எதிரே இல்லை. ஊரின் கீழ்க்கோடியில், கல்வாசலை ஒட்டிய மைதானத்தில் நின்றது. நாலு மாடி உயரம். மரச் சட்டம், அதைச் சுற்றித் துணியும் தங்கப் பூச்சும் சின்னச் சின்ன தேவதைகளும், உச்சியில் கையை உயர்த்தி நிற்கிற ஒரு புனிதர். அங்கிருந்து மேலே கோயில் வரை, இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்குகிற அந்தத் தெருவில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

திருவிழா அன்று காலையில் சயாமா எனக்கு விடுமுறை கொடுத்துவிட்டார். உன் அண்ணன் வரும் நாள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கயிற்றுப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கல்வாசலுக்குப் போனேன். முதல் பஸ் வந்தது. இறங்கியவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். சரி, அடுத்ததில் வருவான். அடுத்ததிலும் கூட்டம், பாட்டு, மேளம், தொப்பி. கறுத்த முகம் ஒன்றுகூட இல்லை. வாசல் நிழலில் உட்கார்ந்தேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். ஒரு கிழவர் பெஞ்சில் இடம் விட்டுக் கொடுத்து, ஏதோ கேட்டார். "அண்ணன்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார்.

மத்தியானம் சயாமா வந்து என்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவருடைய அண்ணன் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக நடுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். தூக்குகிறவர்களுக்கு இடுப்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அதை அம்மாவோ மனைவியோ கூடப் பிறந்தவளோதான் கட்ட வேண்டுமாம். தானே கட்டிக்கொண்டால் ஆகாதாம். சயாமா துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் சுழன்று சுழன்று தன்னைச் சுற்றிக்கொண்டு வந்தார். கடைசியில் சயாமா முனையைச் செருகிவிட்டு அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நான் பார்க்கவில்லை என்பது போலக் குழந்தையின் தலையை வாரினேன். பொறாமைதான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

திரும்பவும் வாசலுக்கு ஓடினேன். இன்னொரு பஸ். இன்னொன்று. மைதானத்தில் சனம் எள் விழக்கூட இடமில்லாமல் அடைந்துவிட்டது. கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. வெள்ளை உடுப்பு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சப்பரத்தின் அடியில் குனிந்து நுழைந்தார்கள். சயாமா குழந்தையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

"என் அண்ணன் கையில் கட்டேன்" என்றார். "அவரும் அண்ணன்தானே. கட்டிவிட்டு, முடிந்ததும் அவிழ்த்து உன் அம்மாவிடம் கொடு."

நல்ல மனசு. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "ஆள் மாத்திக் கட்டக் கூடாது சயாமா" என்றேன். "கட்டினா அவருக்கும் ஆகாது, இவனுக்கும் ஆகாது."

அப்போது ஊர் முழுக்க ஒரே அடியாகச் சத்தம் அடங்கியது. மேளம் இல்லை, மணி இல்லை, குழந்தைகள்கூட அழவில்லை. தலைவர் ஒருவர் என்னமோ கத்தினார். அடியில் இருந்தவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்து, எல்லோரும் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொள்ள, நிமிர்ந்து எழுந்தது. கிளம்பிவிட்டது. நான் கல்வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. பஸ்கூட இல்லை.

சப்பரம் பூக்கோலத்தை மிதித்துக்கொண்டு மேலே போனது. ஜன்னல்களிலிருந்து கைநீட்டித் தொட்டார்கள். ஒரு திருப்பத்தில் புனிதரின் விரல் யாரோ ஒருவர் மாடிக் கம்பியில் உரசியது. கோயிலுக்கு முன்னால் இறக்கி வைத்தபோது ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சயாமாவின் அண்ணனுக்குத் தோள் பழுத்துக் கன்றிப்போயிருந்தது. நானும் அழுதேன். நின்றுகொண்டே, முந்தானையால் மூடாமல், வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற கிழவி பக்தி என்று நினைத்து என்னை அணைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

அண்ணன் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தான். தெருவில் வாடிய பூவிதழைக் கூட்டிக் கொண்டிருந்தார்கள். வாசலில் இறங்கி நின்ற ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடி பாதி வெளுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே எல்லாம் சுட்ட வடு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினானே, அந்தத் தூக்கலில்தான் அண்ணன் தெரிந்தான்.

"விடலம்மா" என்றான். "சீசன் நாளு, கூட்டம் அள்ளுது, போனா அப்படியே போயிடுன்னுட்டான் மொதலாளி. காகிதம் இல்லாதவன் நான், என்ன பேச முடியும்? கால்ல விழாத குறையாக் கேட்டுட்டேன்."

"போன் பண்ணியிருக்கலாமில்ல? காலையிலேருந்து நாய் மாதிரி வாசல்ல கெடந்தேன்!"

"பண்ணா நீ திட்டுவேன்னு பயமா இருந்துச்சு."

திட்டினேன். கூட்டுகிறவர்கள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். திட்டி முடித்தபிறகு இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்தோம். அம்மா கொடுத்தனுப்பிய லபெத் பொட்டலத்தைப் பிரித்தேன். ஊறவைத்த தேயிலையை எள்ளோடும் வறுத்த பருப்போடும் பிசைந்து தின்பது ரங்கூன்காரனுக்கு உயிர். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டவன் மெல்லவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா இன்னும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்காளா?"

"கட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

"என்னோடது கப்பல்லயே போச்சு. எண்ணெயில ஊறி நைஞ்சு அறுந்துடுச்சு." பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ ஒன்னு பண்ணேன். கட்டின மாதிரி, அவுத்த மாதிரி சொல்லிக் கயித்த அம்மாகிட்ட குடுத்துடேன். கெழவி நிம்மதியா ஒரு மீனாவது தின்னட்டும்."

நினைக்காமல் இல்லை. ராத்திரி பூராவும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அம்மா கயிற்றைக் கையில் வாங்கி முகர்ந்து பார்ப்பாள். மகன் கையில் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா? "பேசாம இரு" என்றேன்.

அவன் வலது கையை நீட்டினான்.

"கட்டு."

"சப்பரம்தான் நேத்தே போயிடுச்சே. இப்பக் கட்டி, எப்ப அவுப்ப?"

"ஊருக்கு வந்து தீ மிதிச்சுட்டு அவுக்கறேன். கட்டு தங்கச்சி."

கட்டினேன். அம்மா சொல்லியனுப்பியதை மறக்கவில்லை. இருந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கெட்டி முடிச்சுப் போட்டேன். இவனாக அவிழ்க்க முடியாது, வந்துதான் ஆக வேண்டும் என்று ஒரு வெறி. 

மத்தியான பஸ்ஸில் கிளம்பியாக வேண்டும், ராத்திரிச் சமையலுக்கு இருக்க வேண்டும் என்றான். கல்வாசல் வரை கூட நடந்தேன். வாசலைத் தாண்டப்போனவன் நின்றான். மணிக்கட்டைப் பார்த்தான்.

"காப்போட எல்லை தாண்டறேன் பாரு, மறுபடியும்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பஸ் வளைவில் திரும்பும் வரை ஜன்னலுக்கு வெளியே அந்தக் கை நீட்டிக்கொண்டே இருந்தது.

ரங்கூனுக்குத் திரும்பியபோது நல்ல மழை. அம்மா குடையோடு தெருமுனையில் நின்றிருந்தாள். வீட்டுக்குள் நுழையும் வரை பொறுத்திருந்தாள்.

"கட்டினியா?"

"கட்டினேன்."

"கயிறு எங்க?"

"அவன் கையில. லேட்டா வந்தாம்மா. சப்பரம் போனதுக்கு அப்புறந்தான் கட்டினேன். இங்க வந்து தீ மிதிச்சுட்டு அவுக்கறேன்னு சொன்னான்."

திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அம்மா முடிச்சை அழுத்திக்கொண்டாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப வருவான்" என்றாள். "காப்புக் கட்டினவன் வராம இருக்க முடியாது."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளை விடுவிக்கப் போனவள், இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்திருந்தேன். அடுத்த தீமிதிக்கும் புதுக் கயிறு. அதற்கடுத்ததற்கும். சயாமா குடும்பம் வேறு தேசத்துக்கு மாற்றலாகிப் போனது. குழந்தை போகும்போது என் கழுத்தை விடாமல் தமிழில் அழுதது. நான் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் போனில் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா நம்பிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே போயிருந்தாள். கட்டை விரல் அந்த முடிச்சின் மேலேயே இருந்தது.

யார் வருவார்கள் என்று அன்று ஒருத்தி கேட்டாளே, எல்லோரும் வந்தார்கள். அவளும் வந்தாள். தாமுவேத் தமிழர்கள் மட்டுமில்லை, ஷ்வேப்யிதாவில் குடியேறிப்போன பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட விஷயம் கேட்டு வந்தார்கள். எதிர்வீட்டு பர்மாக்காரம்மா வந்து அம்மா காலடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பெகுவிலிருந்து சித்தி மகன் வந்தான். தன் தாயின் சாவுக்கு வராதவளின் தலைமாட்டில் நின்று, "பெரியம்மா, பெரியம்மா" என்று கதறினான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குளிப்பாட்டுகிற நேரம் கோயில் பூசாரி வந்தார். கையைப் பார்த்துத் தயங்கினார்.

"காப்போட எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. அவுத்துடணும்."

"அவ மகன்தான் அவுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"மகன் எங்க இருக்கான்?"

எதிர்வீட்டுக்கு ஓடி, போன் போட்டேன். அங்கே விடிந்திருக்காது. ரொம்ப நேரம் அடித்து எடுத்தான்.

"அண்ணே, அம்மா போயிட்டாண்ணே."

 அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அவன் அழுது தீரட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பூசாரி சொன்னதைச் சொன்னேன்.

"நீயே அவுத்துடு" என்றான். "நான் அவுத்தேன்னு சொல்லி அவுத்துடு. அம்மா ஒன்னும் சொல்ல மாட்டா."

"உன்னோடது?"

"அது என்னைக்கோ போச்சும்மா. நீ போட்ட முடிச்ச என்னால அவுக்க முடியல. சுடு தண்ணியில நைஞ்சு, ஒருநாள் பாத்திரத்தோட பாத்திரமா தொட்டியில போயிடுச்சு. அம்மாகிட்ட சொல்லல. கேட்டப்பல்லாம் இருக்குன்னுதான் சொன்னேன்."

வீட்டுக்குத் திரும்பி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். விறைத்திருந்த கட்டை விரலை மெதுவாக விலக்கினேன். "அம்மா, அண்ணன் அவுக்கறான்" என்று அவள் காதில் சொன்னேன். இத்தனை வருஷம் அவள் பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சாயிற்றே, அவிழுமா என்று பூசாரி கத்தரிக்கோலை நீட்டினார். மஞ்சள் துண்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். கீழே ஒரு சின்ன நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. அது உருவாஞ்சுருக்கு. கை தவறிப் பட்டால்கூட அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. அது அவிழ்ந்துவிடாமல்தான் அவள் எப்போதும் விரலால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.